சிறுவனின் காலைக் காப்பாற்றிய லிஸ்டர்

ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட ஆண்டு 1856. அந்தக் காலத்தில் வண்டிச் சக்கரம் ஏறி, கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் காலை வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டாவிட்டால் சீழ் பிடித்து உயிர் போகும். வெட்டினாலும் பலர் பிழைப்பதில்லை. லண்டன் ஆஸ்பத்திரியிலும் இதே கதிதான்.

இந்தக் கொடுமையைத் தீர்க்க வழி காட்டியவர் ஜோசப் லிஸ்டர்.

இவர் 1827-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை மது வியாபாரி. ஆனாலும் மைக்ராஸ்கோப்பைச் செம்மைப்படுத்திப் பெயர் பெற்றவர். லண்டனில் படித்து டாக்டரான லிஸ்டர், 1860-ல் கிளாஸ்கோ நகரில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஆனார்.

அங்கே 1864, 1866 ஆகிய 2 ஆண்டுகளில் கை, கால் வெட்டப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். கெட்ட காற்றே காரணம் என்று டாக்டர்கள் நம்பினார்கள். பொருள்கள் அழுகுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம் என்று பிரான்சு நாட்டு விஞ்ஞானி பாஸ்டர் கண்டுபிடித்திருந்தார். கிருமி புண் வழியாக நுழைகிறது என்றால், அதைக் கொல்லும் மருந்தைப் புண்ணிலேயே வைத்தால் என்ன என்று லிஸ்டர் யோசித்தார். கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கிய கார்பாலிக் அமிலத்தைத் தேர்ந்தெடுத்தார்.

சீழ் இல்லை!

1865 ஆகஸ்டு 12-ந் தேதி, ஜேம்ஸ் என்ற 11 வயதுச் சிறுவனைத் தூக்கி வந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் முறிந்திருந்தது. லிஸ்டர் காலை வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தைக் கட்டினார். 4 நாள் கழித்துக் கட்டைப் பிரித்தார். சீழ் இல்லை! சுமார் 6 வாரத்தில் எலும்பு கூடியது. கால் பிழைத்தது.

பல டாக்டர்கள் கேலி செய்தார்கள். லிஸ்டர் தளரவில்லை. 1867 முதல் 1869 வரை கை, கால் வெட்டப்பட்ட 40 பேரில் இறந்தவர்கள் 6 பேர்தான். கேலி செய்த ஊரே பின்னர் பாராட்டியது. 1897-ல் லார்டு பட்டம் கிடைத்தது. 1912 பிப்ரவரி 10-ந் தேதி, 84-வது வயதில் அவர் காலமானார்.

எலும்பில் முத்துகள்

இன்று காயத்தில் கார்பாலிக் அமிலம் வைப்பதில்லை. ஆனால் மருந்தை நோய் உள்ள இடத்திலேயே வைக்கும் வழி நிலைத்துவிட்டது. எலும்பில் சீழ் பிடித்துச் செத்துப்போன பகுதிக்கு ரத்தம் ஓடாது. அதனால் மாத்திரையும் ஊசி மருந்தும் அங்கே சரியாகப் போய்ச் சேருவதில்லை. 1970-ல் ஜெர்மனி டாக்டர் புக்ஹோல்ஸ், எலும்புக்கான சிமெண்டில் ஜென்டாமைசின் மருந்தைக் கலக்கும் முறையை வெளியிட்டார். பிறகு அந்தச் சிமெண்டை முத்துகளாக உருட்டிக் கம்பியில் கோத்தார்கள். செத்த எலும்பை அகற்றிவிட்டு, அந்தக் குழியில் முத்துகளை வைப்பார்கள். மருந்து மெல்லக் கசிந்து கிருமியைக் கொல்லும்.

திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலைகளில் லாரி ஓட்டம் அதிகம். விபத்தில் எலும்பு வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளக்கூடாது. எண்ணெய், பச்சிலை பூசக்கூடாது. சுத்தமான துணியால் மூடி, காலை அசைக்காமல், ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். கிருமி முந்துவதற்குள் மருந்து முந்த வேண்டும்.