பள்ளிக்கூட பியானோவில் ‘பக்கி’: ஃப்ரெடி மெர்குரி இருந்த, யாரும் கேட்டிராத இசைக்குழுக்கள்

காலால் இரண்டு தட்டு, கையால் ஒரு தட்டு. கோவையில் எந்தக் கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடையில் இதை ஆரம்பித்தாலும் கூட்டம் தானாகச் சேர்ந்துகொள்ளும். அது குயின் குழுவின் பாட்டு, பாடியவர் ஃப்ரெடி மெர்குரி என்பது பலருக்குத் தெரியும். 2018இல் ‘போஹீமியன் ராப்சடி’ படம் வந்த பிறகு, அவர் இந்திய வம்சாவளி என்பதும் பரவலாகத் தெரிந்துவிட்டது. ஆனால் குயினுக்கு முன்னால் அவர் எந்தக் குழுக்களில் இருந்தார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பழைய ராக் குழுக்களைத் தோண்டி எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிற ஆளா நீங்க? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான். தொடங்குவதும் நம்ம நாட்டு மலை ஊர் ஒன்றில்தான்.

யார் இந்த ஃபரோக்?

ஃபரோக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபார் தீவில் பிறந்த பார்சி பையன். அப்பா போமி, பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர். எட்டு வயசு ஆனதும் பையனைக் கப்பல் ஏற்றி, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். கோவைக்கு ஊட்டி, குன்னூர் எப்படியோ, புனேவுக்கும் மும்பைக்கும் பஞ்ச்கனி அப்படி. குளிர், மூடுபனி, ஹாஸ்டல் பள்ளிகள். அம்மா அப்பாவைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டும் என்பதால் பல விடுமுறைகள் பம்பாய் உறவினர் வீட்டிலேயே கழிந்தன.

முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்ததால் பள்ளியில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘பக்கி’. (நம்ம ஊரில் இது சுத்தமான திட்டு. அங்கே ஆங்கிலத்தில் துருத்திய பல்லுக்கான வார்த்தையிலிருந்து வந்தது.) குத்துச்சண்டை போட்டார், டேபிள் டென்னிஸில் கெட்டிக்காரர். ரேடியோவில் ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே பியானோவில் வாசித்துவிடுவார் என்று உடன் படித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் மேற்கத்திய பாட்டு கேட்க ரேடியோ சிலோன்தான் பெரிய வழி. ஆமாங்க, கொங்கு நாட்டு வீடுகளில் நம்ம தாத்தா பாட்டி தமிழ்ப் பாட்டுக் கேட்ட அதே இலங்கை வானொலிதான்.

பாடகர் அவர் கிடையாது

1958இல், 12 வயதில், அவரும் நான்கு நண்பர்களும் சேர்ந்து ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். லிட்டில் ரிச்சர்ட், கிளிஃப் ரிச்சர்ட் பாட்டுகள்தான் சரக்கு. உலகின் மிகப் பெரிய ராக் பாடகர்களில் ஒருவராகப் போகிறவர் இந்தக் குழுவில் முன்னால் நின்று பாடவில்லை. அது புரூஸ் மர்ரே என்ற மாணவரின் வேலை. பக்கி பின்னால் உட்கார்ந்து பியானோ வாசித்தார்.

பேஸ் கிடார் வாங்கக் காசேது? தேயிலை அனுப்புகிற மரப்பெட்டியைக் கவிழ்த்து, ஒரு குச்சி நட்டு, கயிறு கட்டி மீட்டினார்கள். நீலகிரித் தேயிலைக் கிடங்குகளில் ஒரு காலத்தில் அடுக்கி வைத்திருந்தார்களே, அதே மாதிரிப் பெட்டி. பள்ளி விழாக்களில் பக்கத்துப் பெண்கள் பள்ளி மாணவிகள்தான் இவர்களுடைய முதல் ரசிகைகள்.

இந்தக் குழு எப்படி ஒலித்தது? கேட்க வழியே இல்லை. ஒரு ஒலிப்பதிவுகூடக் கிடையாது. புகைப்படமும் நண்பர்களின் நினைவுகளும்தான் மிச்சம். குழுவில் இருந்த நேபாளப் பையன் விக்டரி ராணா பின்னாளில் ராணுவத் தளபதியாகி, சைப்ரஸில் ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமை தாங்கினார். டெரிக் பிராஞ்ச் பிரிட்டனில் நடிகரானார். இப்படி எல்லோர் வாழ்க்கையும் பதிவாகியிருக்கிறது, அவர்கள் வாசித்த பாட்டைத் தவிர.

லிவர்பூல் நிலவறையில் ஒரு டேப்

1963இல் அவர் சான்சிபார் திரும்பினார். மறு வருடம் ஜனவரியில் அங்கே புரட்சி. அரேபியரும் இந்தியருமாக ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட, பல்சாரா குடும்பம் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டன் அருகே ஃபெல்தம் போய்ச் சேர்ந்தது. ஃப்ரெடி ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக்ஸ் படித்தார். கென்சிங்டன் மார்க்கெட்டில் கடை போட்டு பழைய துணி விற்றார்.

1969 ஆகஸ்டில் லிவர்பூல்காரர்களின் ‘ஐபெக்ஸ்’ குழுவில் பாடகராகச் சேர்ந்தார். செப்டம்பர் 9 அன்று லிவர்பூலில் ‘தி சிங்க்’ என்ற சின்ன நிலவறை கிளப்பில் கச்சேரி. குழுவின் நண்பர் ஒருவர் வீட்டு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து ஓடவிட்டார். அதனால்தான் அந்த 23 வயதுக் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. கடைசியில் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் மேடை ஏறிச் சேர்ந்து வாசித்தார்கள். பின்னாளைய குயினின் மூன்று பேர் ஒரே மேடையில்! ஆனால் அதற்குள் டேப் தீர்ந்துவிட்டது.

சில வாரங்களில் ஐபெக்ஸ் ‘ரெக்கேஜ்’ என்று பெயர் மாறியது. ஃப்ரெடியின் அடையாளமான அந்த அரைக்கம்பு மைக், ஒரு பள்ளிக் கச்சேரியில் ஸ்டாண்ட் உடைந்து கையோடு வந்ததில் பிறந்தது என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழுவும் அதிக நாள் தாங்கவில்லை. 1970 தொடக்கத்தில் ‘சோர் மில்க் சீ’, அதுவும் சில மாதம்தான். இதற்கிடையில் மேயும் டெய்லரும் நடத்திய ‘ஸ்மைல்’ குழு ‘எர்த்’ என்ற பாட்டை 1969இல் இசைத்தட்டாக வெளியிட்டது, அதுவும் அமெரிக்காவில் மட்டும். யாரும் சீண்டவில்லை. அதன் பாடகர் டிம் ஸ்டாஃபெல் விலகிய இடத்துக்குத்தான் ஃப்ரெடி வந்தார். 1970இல் குழுவுக்குக் குயின் என்று பெயர் வைத்தார், தனக்கு மெர்குரி என்று வைத்துக்கொண்டார்.

அதே வருடங்களில் இந்தியாவிலும் கிடார் குழுக்கள் இருந்தன. சிகரெட் நிறுவனம் ஒன்று நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியில் வாசித்த குழுக்களை 1970, 1971இல் எல்பி தட்டுகளாக வெளியிட்டார்கள். உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் அந்தத் தட்டுகளைத் தேடுகிறார்கள். தட்டு ஏறாத குழுக்கள் ஹெக்டிக்ஸ் மாதிரியே காற்றோடு போய்விட்டன.

அப்புறம்?

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 1973இல் முதல் ஆல்பம், 1975இல் ‘போஹீமியன் ராப்சடி’, 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் லைவ் எய்டு. இந்தியாவைப் பற்றி பேட்டிகளில் அவர் அதிகம் வாய் திறக்கவில்லை. குயின் குழுவோடு இங்கே வந்து ஒரு கச்சேரியும் செய்யவில்லை. இது சிலருக்கு வருத்தம். ஆனால் எட்டு வயதில் வீட்டைப் பிரிந்து, பதினேழில் ஊரையே இழந்தவர் பழசைப் பேசாததில் ஆச்சரியப்பட எனக்கு எதுவும் இல்லை. எய்ட்ஸ் இருப்பதை 1991 நவம்பர் 23 அன்று அறிவித்தார். மறுநாளே இறந்தார். வயது 45.

2000இல் அவருடைய தனிப் பாட்டுகள் பெரிய தொகுப்பாக வந்தபோது, ஐபெக்ஸ் அந்த நிலவறையில் பாடிய பீட்டில்ஸ் பாட்டு ‘ரெயின்’, ரெக்கேஜ் ஒத்திகையில் பதிவான ‘கிரீன்’ இரண்டையும் அதில் சேர்த்தார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘ரெயின்’ கேளுங்க. பதிவு கரகரவென்றுதான் இருக்கும். ‘எர்த்’ பாட்டையும் தேடிப் பிடித்து, ஸ்டாஃபெல் குரலில் குயினாக மாறுவதற்கு முந்தைய குழு எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்க.