பாதியில் நின்ற படிப்பு, எழுதி முடித்த வாழ்வு: கிருபாபாய் சத்தியநாதன்

2009 ஆகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தபடியே வன்னிப் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். எழுத முடியாமற் போனவர்களும் இருந்தார்கள். இடையில் நின்றுபோன படிப்பை நினைத்து இன்றும் பெருமூச்சு விடும் பெண்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பலர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர், 130 ஆண்டுகளுக்கு முன் மறைந்த எழுத்தாளர் கிருபாபாய் சத்தியநாதன்.

1862இல் மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் பிறந்தார். பெற்றோர் பிராமண சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். புத்தகங்களின் பக்கம் அவரைத் திருப்பிய அண்ணன் பாஸ்கரும் இளமையிலேயே இறந்துபோனார்.

ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூடாதென்று பெண்கள் நோயோடு வீட்டுக்குள் கிடந்த காலம் அது. வைத்தியராக வேண்டும் என்று கிருபாபாய் முடிவெடுத்தார். இங்கிலாந்து சென்று படிக்க வாய்ப்பு வந்தது. உடல்நிலை தாங்காதென்று தடுத்துவிட்டார்கள். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு பெண்களுக்குக் கதவு திறந்து 3 ஆண்டுகளே ஆகியிருந்தன. முதலாண்டில் சிறப்பாகத் தேறினார். பிறகு உடல் நலிந்தது, படிப்பு நின்றது.

அவர் அதோடு முடங்கவில்லை. 1881இல் சாமுவேல் சத்தியநாதனை மணந்து உதகமண்டலம் சென்றார். அங்கே முஸ்லிம் சிறுமிகளுக்கு ஒரு பாடசாலையைத் தொடங்கினார். கட்டுரைகள் எழுதினார். 1887-88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் அவருடைய 'சகுணா' தொடராக வந்தது. இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் சுயசரிதை நாவல் அது. கல்யாணம் ஒன்றே பெண்ணின் கதி என்பதை ஏற்காமல், படித்துத் தன் காலில் நிற்க விரும்பும் ஒரு பெண் வளர்ந்து வரும் கதை.

அவருடைய ஒரே குழந்தை ஒரு வயது நிரம்பு முன்னே இறந்தது. நோயும் முற்றியது. அந்த நிலையிலும், சிறுவயதில் மணமுடித்து விதவையாகும் பெண்ணின் கதையான 'கமலா'வை எழுதி முடித்தார். 1894இல் மறைந்தபோது வயது 32. 'சகுணா' நூலாக வந்தது அதன் பின்னர்தான். இரு நாவல்களும் தமிழிலும் பெயர்க்கப்பட்டன. 1998இல் அவற்றை மறுபதிப்புக்காகத் தொகுத்தவர் இலங்கையில் பிறந்த சாந்தனி லொக்குகே.

கிருபாபாய்க்கு வைத்தியப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் நினைவாக, மருத்துவம் கற்கும் பெண்களுக்கென ஓர் உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. அவர் பாதியில் விட்ட படிப்பை வேறு பெண்கள் முடித்தார்கள்.