விழுவதற்கு முன்னே பார்க்கும் கண்

ஆண்டுக்கு ஒருமுறை கோப்பெங்கிலிருந்து ஈப்போவுக்குப் போகும் அந்த ஒரு நாளை என் அம்மா எப்படியாவது தள்ளிப்போடப் பார்ப்பார். தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் காய்ச்சலுக்குக்கூட விடுப்பு எடுக்காதவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலக்காது மந்தமானது. காதுக்குள் ஓயாத இரைச்சல். நடையில் தள்ளாட்டம். செவிநரம்பின் உறையில் கட்டி என்றார்கள். புற்றுநோயல்ல, மெதுவாக வளரும் வகை. அறுவை செய்தபோது முகநரம்போடு ஒட்டியிருந்த சிறு துணுக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். அதையும் சுரண்டினால் முகம் கோணிவிடக்கூடும். அதனால்தான் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. படம்.

கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இனி எதற்குப் படம் என்பது அம்மாவின் கேள்வி. விடை தேடிப் பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்தபோதுதான் டாக்டர் பா. ராமமூர்த்தியின் வாழ்க்கை எனக்கு அறிமுகமானது.

அவர் 1922-இல் சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் மூளை, நரம்பு அறுவையில் பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பி, 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இத்துறையை இந்தியாவில் தொடங்கி வைத்திருந்தார். 1951-இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவிய நால்வரில் இவ்விருவரும் அடங்குவர்.

அக்காலத்தில் மூளைக்குள் இருப்பதைப் பார்ப்பது எளிதன்று. சாதாரண எக்ஸ்ரே படத்தில் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. ஆகவே மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்தியோ இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தியோ படம் எடுத்தார்கள். காற்று செலுத்தப்பட்டவருக்குத் தாங்கமுடியாத தலைவலி வரும். அத்தகைய சோதனையை ஆண்டுதோறும் யாருக்குச் செய்ய முடியும்? அறுவைக்குப் பின் கட்டி மீண்டும் வளர்கிறதா என்பதை, நோயாளி மறுபடி தள்ளாடத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் அறிந்தார்கள். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற முன்னோடி மருத்துவர், தாம் அறுவை செய்தவர்களை ஆண்டுதோறும் தமக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார். கடிதமே அன்றைய கண்காணிப்பு!

ராமமூர்த்தியின் காலத்திலேயே இந்நிலை மாறியது. 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் கருவியில் படமாக்கப்பட்டது. அடுத்து எம்.ஆர்.ஐ. வந்தது. கடோலினியம் கலந்த மருந்தை ஊசிவழி ஏற்றினால், மில்லிமீட்டர் அளவிலான கட்டித் துணுக்கும் வெண்மையாக ஒளிரும். ஆயினும் அறுவைத் தழும்பும் அவ்வாறே ஒளிரக்கூடும். எனவே ஒரு படம் மட்டும் போதாது. சென்ற ஆண்டுப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். வளர்ச்சி தெரிந்தால், உடல் அதை உணரும் முன்பே மறு அறுவையோ கதிர்வீச்சோ முடிவு செய்யலாம். மாற்றமில்லையெனில் இடைவெளியை நீட்டலாம். ஓர் ஆண்டு தவறினால் அந்தத் தொடர் அறுந்துவிடுகிறது.

ராமமூர்த்தி சென்னையில் நரம்பியல் கழகம் என்னும் உயர்சிகிச்சை நிலையம் உருவாகக் காரணமானார். 1973-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அரசுப் பணிக்குப் பின் அடையாற்று வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் தொண்டாற்றினார். தம் வாழ்வை ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதினார். 2003-இல் மறைந்தார். எம்.ஆர்.ஐ. கண்டுபிடிப்புக்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். காற்றுப் படத்தில் தொடங்கிய தொழில் வாழ்க்கை, எம்.ஆர்.ஐ. காலத்தையும் கண்டுவிட்டது.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அந்த டாக்டர் நம் தமிழரா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த மருத்துவமனை அட்டையை எடுத்துத் தேதியைப் பார்க்கச் சொன்னார்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய அட்டை ஒன்று இருக்கலாம். அந்தத் தேதியை நீங்களும் குறித்து வையுங்கள். முடிந்தால் உடன் செல்லுங்கள். பழைய படங்களையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.