கடைமடை வீட்டின் மின்னழுத்தமும் ஸ்டைன்மெட்ஸும்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிச் சீமை அது. கிணற்றுப் பாசனம் உள்ளவர் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மோட்டாரின் காயில் எரிந்துபோகும். எங்கள் வீட்டிலும் எரிந்தது. மின்மாற்றியிலிருந்து வெகுதொலைவில், கம்பி முடியும் இடத்தில் எங்கள் கிணறு. அந்தி வேளையில் ஊரே விளக்கேற்றும்போது எங்கள் வீட்டுக் குண்டு பல்பின் இழை செந்நிறமாய்க் கனலுமே அன்றி வெளிச்சம் தராது. வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததுபோல் கம்பியின் கடைமடைக்கு மின்னழுத்தம் எட்டவில்லை என்றுதான் பெரியவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

அதே வீட்டில் இன்று என் சித்தப்பா மகன் வசிக்கிறான். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்கீழ் 3 கிலோவாட் சூரிய மின்தகடுகளைக் கூரைமேல் அமைத்திருக்கிறான்; 78,000 ரூபாய் மானியமும் கிடைத்தது. அவனது குறை எங்கள் குறைக்கு நேர் எதிரானது. நண்பகலில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது, அவனுடைய இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடுகிறது. காரணம் மின்னழுத்தம் மிகுந்துவிடுவது. மாலையில் பழையபடியே குறைந்துவிடுகிறது. கடைமடை வீடு பகலில் வெள்ளத்தையும் இரவில் வறட்சியையும் காண்கிறது.

இந்த விந்தையை நினைக்கும்போதெல்லாம் நூறாண்டுகளுக்கு முன்னர் மறைந்த ஒரு மனிதர் என் நினைவுக்கு வருகிறார். எடிசன், டெஸ்லா ஆகியோரின் பெயர்கள் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் காலத்தில் அவர்களுக்கு நிகராகப் புகழ்பெற்றிருந்த சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸை நாம் மறந்துவிட்டோம்.

1865 ஏப்ரல் 9-ஆம் நாள், அன்று ஜெர்மனியின் பிரஷ்யாவில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் அவர் பிறந்தார். இன்று அது போலந்தின் விரோட்ஸ்வாஃப். தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்த முதுகுக் கூனல் அவருக்கும் பிறவியிலேயே வாய்த்தது. வளர்ந்த பின்னும் உயரம் ஏறத்தாழ நான்கடிதான். ஒரு வயதிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். கணிதத்தில் மேதையாகப் பல்கலைக்கழகத்தில் நுழைந்தவர், முனைவர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது பொதுவுடைமைச் சார்புள்ள இதழோடு கொண்ட தொடர்பால் காவல்துறையின் பார்வையில் சிக்கினார். பிஸ்மார்க்கின் அடக்குமுறைச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. 1888-இல் பட்டத்தையும் குடும்பத்தையும் விட்டுச் சூரிச் நகருக்குத் தப்பினார். அடுத்த ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, கையில் பணமில்லை, ஆங்கிலம் வராது, உடல் ஊனமுற்றது என்று அதிகாரிகள் அவரைத் திருப்பி அனுப்ப முனைந்தனர். உடன் வந்த நண்பர் பொறுப்பேற்றுக்கொண்டதால் உள்ளே விடப்பட்டார்.

யாங்கர்ஸ் நகரில் ஐக்மையர் என்பவரின் தொழிற்கூடத்தில் வரைவாளராக வேலைக்குச் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளில், 1892-இல், இரும்பு காந்தமாகி மீளும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலைக் கணக்கிடும் விதியை வெளியிட்டார். காந்தத் தயக்கம் என்று நம் பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அதுவரை மோட்டாரைச் செய்து பார்த்துத்தான் அது எவ்வளவு சுடும் என்று அறிய முடிந்தது. அதன்பின் தாளிலேயே அறிய முடிந்தது. அந்த நிறுவனத்தை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியபோது ஸ்டைன்மெட்ஸும் அங்கே சென்றார். விரைவில் ஸ்கெனெக்டடி நகரில் குடியேறி வாழ்நாள் முழுதும் அங்கேயே இருந்தார்.

அவருடைய பெருஞ்செயல் 1893-இல் சிகாகோவில் நடந்த உலக மின்னியல் மாநாட்டில் வெளிப்பட்டது. மாறுதிசை மின்னோட்டம் நொடிக்குப் பன்முறை திசை மாறுவது. அதனைக் கணக்கிட அன்றைய பொறியாளர்கள் நுண்கணிதத்தில் மூழ்க வேண்டியிருந்தது. பள்ளியில் பலரை அச்சுறுத்தும் கலப்பெண்களைக் கொண்டு அந்தக் கணக்கைக் கூட்டல் கழித்தல் அளவுக்கு அவர் எளிதாக்கினார். ஒவ்வொரு மின்னோட்டத்துக்கும் இரண்டு கூறுகள் உண்டு என்பதை அவரது முறை தெளிவாகக் காட்டியது. ஒன்று வேலை செய்யும் கூறு. மற்றொன்று மோட்டாரின் காந்தப்புலத்தை எழுப்பவும் அடக்கவும் போய்வந்துகொண்டே இருக்கும் கூறு. பொறியாளர்கள் ரியாக்டிவ் என்பது இதைத்தான். இது நீரை இறைக்காது, மாவும் அரைக்காது. ஆனாலும் கம்பியில் இடம் பிடிக்கும். மின்னழுத்தத்தை இழுத்துக் கீழே இறக்கும். கிணற்று மோட்டார்ப் பெட்டியில் கெப்பாசிட்டர் பொருத்தச் சொல்வது இந்தக் கூறைத் தொலைதூரத்திலிருந்து இழுக்காமல் அங்கேயே பெறுவதற்காகத்தான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. அவற்றுள் எத்தனை பெட்டிகளில் பழுதில்லாத கெப்பாசிட்டர் இருக்கிறது என்று யாரேனும் எண்ணிப் பார்த்தால் நல்லது.

புகழ் வந்தபின் அவர் வாழ்ந்த முறையும் தனித்தன்மை வாய்ந்தது. கூனல் தம்மோடு முடியட்டும் என்று மணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவரை மகனாகத் தத்தெடுத்து, அவர் குடும்பத்தையும் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, அவருடைய மூன்று பிள்ளைகளுக்குத் தாத்தாவாக வாழ்ந்தார். கோடையில் சிற்றோடத்தின் குறுக்கே பலகையிட்டு, அதன்மேல் தாள்களைப் பரப்பி, ஆற்றில் மிதந்தபடியே கணக்குப் போடுவார். பெருநிறுவனம் ஒன்றின் தலைசிறந்த மூளையாக இருந்துகொண்டே சோசலிஸ்ட் கட்சியில் நீடித்து, நகரின் பள்ளிக் கல்வி வாரியத் தலைவராகவும் பணியாற்றினார். 1922-இல் ரஷ்யாவின் மின்மயமாக்கலுக்கு உதவ முன்வந்து லெனினுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆய்வுக்கூடத்தில் செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டியதைத்தான் செய்தித்தாள்கள் கொண்டாடின. எனக்கு அவரது வேறொரு பணியே பெரிதாகத் தெரிகிறது.

1918. போரால் அமெரிக்காவில் நிலக்கரித் தட்டுப்பாடு. நாட்டின் ஆற்றல் தேவை குறித்து ஸ்டைன்மெட்ஸ் ஒரு கட்டுரை படித்தார். பெரிய அணைகளை மட்டும் நம்பாமல் சிற்றோடைகளிலெல்லாம் சிறு மின்னாக்கிகளை வையுங்கள். குளிர்காயக் கரி எரிக்கும் கட்டடங்கள் அந்த நீராவியில் முதலில் மின்சாரம் எடுக்கட்டும். எல்லாவற்றையும் பொது மின்கம்பியோடு இணையுங்கள் என்பது அதன் சாரம். பரவலாக்கப்பட்ட மின்னுற்பத்தி என்று இன்று நாம் பேசுவதன் முன்வடிவம் அது. ஆளில்லாமல் இயங்க வேண்டும் என்பதால் தூண்டல் மின்னாக்கிகளை அவர் பரிந்துரைத்தார். நம் கிணற்று மோட்டாரையே சற்று வேகமாகச் சுழற்றினால் அது மின்னாக்கி ஆகிவிடும்; அவ்வளவு எளிய எந்திரம். ஆனால் அதற்குத் தன் காந்தப்புலத்தைத் தானே எழுப்பிக்கொள்ளத் தெரியாது. அதையும், மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் பொறுப்பையும் தொலைவில் உள்ள பெரிய மின்நிலையமே ஏற்க வேண்டும். இந்தச் சார்பை அறிந்துதான் அவர் திட்டமிட்டார்.

அந்தச் சார்பின் விலையைத் தமிழ்நாடு பின்னாளில் கண்டறிந்தது. 1986-இல் தூத்துக்குடிக் கடலோரத்தில் தொடங்கி, முப்பந்தலிலும் உடுமலைப்பேட்டையிலும் பெருகிய காற்றாலைகளுள் தொடக்கக் காலத்தவை பெரும்பாலும் தூண்டல் மின்னாக்கிகளே. காற்று வீசும்போது அவை மின்சாரம் தந்தன. கூடவே ரியாக்டிவ் மின்திறனைக் கம்பியிலிருந்து உறிஞ்சின. அதனால் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும், உறிஞ்சினால் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதிகள் வந்தன. விதி வந்தபின் நிலைமை சீரடைந்தது.

இப்போது நம் கூரைக்கு வருவோம். அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியின் போக்குவரத்துத் தடை ஏறத்தாழ ஒரு ஓம். 3 கிலோவாட் மின்சாரம் 12 ஆம்பியருக்குச் சற்று மேல். அது கம்பியில் எதிர்த்திசையில் பாயும்போது வீட்டு முனையில் 12 வோல்ட் ஏறும். மாலை நேரத் தாழ்வழுத்தப் புகாருக்காக என்றோ ஒருநாள் மின்மாற்றியின் டேப்பை உயர்த்தி வைத்திருப்பார்கள். ஆகவே அந்த முனையிலேயே 240 வோல்ட். இரண்டையும் கூட்டினால் 252. பக்கத்து வீட்டிலும் தகடு இருந்தால் 253-ஐத் தாண்டும். 230 வோல்ட்டுக்குமேல் பத்து விழுக்காடு மிகுந்தால் இரண்டு நொடிகளுக்குள் இணைப்பிலிருந்து விலக வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதி. இன்வெர்ட்டர் விதிக்குக் கீழ்ப்படிகிறது. மின்மாற்றியின் அருகில் உள்ள வீடு ஒரு யூனிட்டையும் இழப்பதில்லை. கடைமடை வீடோ ஒரே கடனை வாங்கி, ஒரே தகட்டை வைத்து, நண்பகல் விளைச்சலைப் பறிகொடுக்கிறது. ஊர் மின்மாற்றியின் டேப்பை மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற முடியும் என்பதால், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாற்றி வைக்கவும் வழியில்லை.

ஸ்டைன்மெட்ஸின் சிற்றோடை எந்திரத்துக்கு இல்லாத திறமை இன்றைய இன்வெர்ட்டருக்கு உண்டு. ரியாக்டிவ் கூறை அதனால் தரவும் முடியும், ஏற்கவும் முடியும். மின்னழுத்தம் ஏறும்போது அதைச் சிறிது ஏற்று அழுத்தத்தைத் தணிக்கும். அதற்கும் மிஞ்சினால், முற்றிலும் நிற்காமல் உற்பத்தியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும். ஜெர்மனி 2012 முதலும், கலிஃபோர்னியா 2017 முதலும் இத்தகைய செயல்பாடுகளைக் கட்டாயமாக்கின. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உயரழுத்தப் பெருவழிகளில் வேலை செய்யும் அளவுக்கு இந்த மருந்து ஊர்க்கம்பியில் வேலை செய்யாது. மெல்லிய கம்பியில் தடையே மேலோங்கி நிற்கும். எனவே கம்பியைத் தடிமனாக்குவதும், நீண்ட கம்பிக்குப் பதிலாகச் சிறிய மின்மாற்றிகளை வீடுகளுக்கு அருகில் கொண்டுவருவதும் தவிர்க்க முடியாதவை. இவற்றுக்குப் பணம் வேண்டும்.

பணம் அதிகம் வேண்டாத வழியும் எங்கள் பக்கம் இருக்கிறது. வெயில் உச்சத்தில் கூரைகள் தரும் மின்சாரத்தை அதே மின்மாற்றியின்கீழ் உள்ள கிணற்று மோட்டார்கள் குடித்துவிட்டால் அழுத்தம் ஏறாது. வேளாண்மைக்கான மும்முனை மின்சாரம் முறை வைத்துத் தரப்படும் இடங்களில், பகல் முறையை நண்பகலை ஒட்டி அமைக்கலாம். நள்ளிரவில் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்கும் வேலையும் உழவனுக்கு மிஞ்சும். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையம் வரும் என்று நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பல்லாண்டுகள் காத்திருந்த மாவட்டம் இது. அந்த நிலையம் வரவில்லை, கூரைகள் வந்திருக்கின்றன.

1923 அக்டோபர் 26-ஆம் நாள் காலையில், நீண்ட ரயில் பயணம் முடித்துத் திரும்பிய சில நாள்களில், ஸ்டைன்மெட்ஸ் படுக்கையிலேயே உயிர் நீத்தார். வயது 58. மேட்டூர் அணைக்கு அப்போது அடிக்கல்லும் நாட்டப்படவில்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நண்பகல் பன்னிரண்டரை இருக்கும். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சித்தப்பா மகன் சலித்துக்கொள்ளாமல் கொல்லைப்புறம் சென்று ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டான். அவன் மனைவி அடுப்படியில் கிரைண்டரை ஓடவிட்டார். சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கி, விளக்கு பச்சைக்கு மாறியது. தென்னைக்குத் தேவை இருந்ததோ இல்லையோ, தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.