கடன் தீர்த்த துடைப்பம்

மும்பைக்கு வடகிழக்கே, மத்திய ரயில்வே தடத்தில் உள்ளது அம்பர்நாத். அங்கே வால்துனி ஆற்றங்கரையில், சிலாஹார மன்னர் காலத்தில் எழுந்த கருங்கல் சிவாலயம் ஒன்று உண்டு. 1060ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கல்வெட்டு கூறும் அக்கோயிலில், படிகளில் இறங்கிச் சென்றே கருவறைப் பெருமானைத் தரிசிக்க வேண்டும். மகாசிவராத்திரியன்று சுற்று வட்டாரமே அங்குத் திரண்டு வரும். அப்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் வில்வமும் பாலும் ஏந்தி வரிசையில் நிற்பர். விழா முடிந்த பின் வாடிய பூவும் இலையும் காகிதமும் குவிந்து கிடக்கும் வீதியைப் பெருக்குபவர் யார் என்பதை வீடு திரும்பும் பக்தர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த வேலையைத் தம் வழிபாடாகவே கொண்ட ஒருவர் மகாராஷ்டிர மண்ணில் வாழ்ந்தார். அவரும் ஒரு மகாசிவராத்திரி நாளில், 1876 பிப்ரவரி 23 அன்று, அமராவதி மாவட்டத்துச் சேண்ட்காவ் கிராமத்தில் பிறந்தவரே. சலவைத் தொழில் செய்யும் எளிய குடும்பம். தந்தை ஜிங்கராஜி, தாய் சகுபாய். பெற்றோர் இட்ட பெயர் டேபுஜி. பின்னாளில் உலகம் அவரை காட்கே மகராஜ் என்று அழைத்தது.

மதுப்பழக்கம் தந்தையை இளம் வயதிலேயே கொண்டு சென்றது. சகுபாய் மகனுடன் தாபுரி என்னும் ஊரில் இருந்த தம் சகோதரரிடம் அடைக்கலம் புகுந்தார். டேபுஜி மாடு மேய்த்தார், ஏர் பிடித்தார், விளைச்சலைப் பெருக்கினார். பள்ளிக்கூடத்தின் வாசலை மட்டும் மிதித்ததில்லை. இந்தக் குறை எத்தகையது என்பதை அக்குடும்பம் விரைவிலேயே உணர்ந்தது. மாமா வட்டிக்கடைக்காரரிடம் பெற்ற கடன் எவ்வளவு கட்டினாலும் குறையவில்லை. பத்திரத்தில் எழுதியிருந்ததைப் படித்தறிய வீட்டில் ஒருவரும் இல்லை. நிலம் கைவிட்டுப் போயிற்று. அந்த வேதனையிலேயே மாமா மறைந்தார். கைநாட்டு வைத்த காகிதம் ஒரு குடும்பத்தை எப்படி விழுங்கும் என்பதைக் கண்ணெதிரே கண்ட டேபுஜி, தம் வாழ்நாள் முழுவதும் எவருக்கும் கடன்பட்டு இருப்பதில்லை என்பதில் உறுதி கொண்டார். ஒரு வேளை உணவுக்கும் இவ்வுறுதி பொருந்தும் என்று அவர் கருதியதே அவர் வாழ்வின் தனிச்சிறப்பு.

1905 பிப்ரவரி முதல் தேதியன்று அவர் வீட்டை விட்டு வெளியேறினார். பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராகத் திரிந்தார். கிழிசல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த அங்கி, ஒரு காதில் சோழி, மற்றொரு காதில் உடைந்த வளையல் துண்டு, தலையில் கவிழ்த்த மண்சட்டியின் உடைந்த பகுதி, கையில் துடைப்பம். அந்தச் சட்டியே வெயிலுக்குத் தொப்பி, அதுவே உண்கலம். மராத்தியில் அதனை காட்கே என்பர். அவர் பெயர் வந்த வழி அதுதான்.

ஓர் ஊருக்குள் நுழைந்தால் அவர் யாரிடமும் பேசுவதற்கு முன் தெருவைப் பெருக்கத் தொடங்குவார். சாக்கடை அடைத்திருந்தால் திறந்துவிடுவார். எந்த வீட்டிலேனும் விறகு பிளக்க வேண்டியிருந்தால் பிளந்து தருவார். அதன் பின்னரே அவ்வீட்டார் தரும் சோள ரொட்டியையும் சட்டினியையும் சட்டியில் ஏந்தி, வெளியில் அமர்ந்து உண்பார். வேலை செய்யாமல் உணவு பெறுவதை அவர் ஏற்கவில்லை. துறவி என்று அறிந்து பணம் தர வந்தவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. அவருக்கோ இதில் வியக்க ஒன்றுமில்லை: உழவன் விளைத்ததும் இல்லாள் சுட்டதுமான ரொட்டியைப் பெறுபவன் அவர்களுக்குக் கடன்பட்டவன், அதை அன்றே, அந்த ஊரிலேயே தீர்த்துவிட வேண்டும்.

பூர்ணா நதிக்கரையில் ருணமோசனம் என்றொரு தலம் உண்டு. ருணம் என்பது கடன். மோசனம் என்பது விடுதலை. முத்கலேசுவரர் எழுந்தருளியுள்ள அத்தலத்தில் தை மாதத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் பெருங்கூட்டம் கூடி நீராடும். சேற்றுக்கரையில் முதியோர் வழுக்கி விழுவதை அவர் கண்டார். கடன் தீர வேண்டி முழுக்குப் போட வந்தவர்களில் எவரும் அந்தச் சேற்றைப் பற்றிக் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. அவர் தாமே மண்ணைச் சுமக்கலானார். ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவரும் கைகொடுத்தனர், படித்துறை எழுந்தது. நம் நாட்டில் திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கியதை அறிந்தவர்க்கு இத்துடைப்பமும் மண்வெட்டியும் அந்நியமாகத் தோன்றா.

பகலில் பெருக்கிய ஊரில் இரவில் கீர்த்தனம் நடத்துவார். துகாராமரைத் தம் வழிகாட்டியாகப் போற்றினார். எனினும் தமக்கென்று சீடர் எவரையும் ஏற்கவில்லை. காலில் விழ வந்தவர்களை விலக்கினார். வட்டார வழக்கில், கூட்டத்தாரைக் கேள்வி கேட்டு அவர்கள் வாயாலேயே விடை வரவழைப்பது அவர் பாணி. கடன் வாங்கித் திருமணம் செய்யாதீர், தெய்வத்தின் பெயரால் ஆடு வெட்டாதீர், மதுவைத் தொடாதீர், தீண்டாமை பாராட்டாதீர், உண்ணும் தட்டை விற்றேனும் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பனவே அவர் திரும்பத் திரும்ப உரைத்தவை. கடைசியாகச் சொன்னது தாபுரியில் பறிபோன நிலத்தின் நினைவிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை.

மக்கள் மனமுவந்து தந்த பொருளில் ஒரு காசும் அவர் சட்டியில் சேரவில்லை. பண்டரிபுரம், நாசிக், ஆளந்தி, தேஹு ஆகிய தலங்களில் அது ஏழை யாத்திரிகருக்குச் சத்திரங்களாயிற்று. பண்டரிபுரத்தில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தங்க இடமின்றித் தவித்தனர். அவர்களுக்கென எழுந்த சத்திரத்துக்கு, கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பக்தரான சோகாமேளரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில், 1949இல், அக்கட்டடத்தை டாக்டர் அம்பேத்கரின் மக்கள் கல்விச் சங்கத்திடம் மாணவர் நலனுக்காக ஒப்படைத்தார். ஒருவரையொருவர் மிகவும் மதித்த இருவர் அவர்கள்.

மும்பையில் அவர் கண்டது வேறு வகைத் துன்பம். ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடும். கிராமத்திலிருந்து உடன் வந்த தாயோ மனைவியோ எங்கே படுப்பது? எங்கே ரொட்டி சுடுவது? நடைபாதையே அவர்களுக்கு வீடு. மருத்துவரும் அரசும் கவனிக்காத இந்த இடைவெளி, ஊர் ஊராக நடைபாதையில் படுத்தறிந்த அவர் கண்ணுக்கு உடனே புலப்பட்டது. 1954இல் மருத்துவமனைக்கு அருகே நோயாளிகளின் உறவினர்க்காகத் தர்மசாலை ஒன்று அமைந்தது.

இத்தனை பேரின் துயர் துடைத்தவர் தம் இல்லத்தாருக்குப் பட்ட கடனை எவ்வாறு தீர்த்தார் என்ற கேள்வி எழாமல் இராது. முதிய தாயையும் மனைவி குந்தாபாயையும் குழந்தைகளையும் விட்டே அவர் வெளியேறினார். அவரது மகன் கோவிந்தன் இளமையில் இறந்த செய்தி, கொங்கணத்தில் அவர் கீர்த்தனம் செய்துகொண்டிருந்தபோது வந்தது. கீர்த்தனத்தை அவர் நிறுத்தவில்லை. சத்திரங்களில் குடும்பத்தாருக்கு எவ்வுரிமையும் தரவில்லை. குந்தாபாய் குடிசையிலேயே வாழ்ந்தார். பொதுப்பணம் குடும்பச் சொத்தாகிவிடலாகாது என்ற நேர்மை இதில் உண்டு. அந்த நேர்மையின் விலையை அவரைக் காட்டிலும் குந்தாபாய் அதிகம் செலுத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கட்டிய ஒவ்வொரு சத்திரத்திலும் அந்த அம்மையாரின் பங்கும் உள்ளது.

1956 நவம்பரில், உடல் மிகத் தளர்ந்த நிலையிலும், மும்பை பாந்த்ராவில் காவல் நிலையத்தில் அவர் கீர்த்தனம் நிகழ்த்தினார். அது ஒலிப்பதிவாயிற்று, அவர் குரலை இன்றும் கேட்க முடிகிறது. டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். இரண்டே வாரங்களில், டிசம்பர் 20 அன்று, அமராவதிக்குச் செல்லும் வழியில் வல்காவ் அருகே பேடி நதிப் பாலத்தில் காட்கே மகராஜின் உயிர் வண்டியிலேயே பிரிந்தது. தமக்குச் சமாதியோ சிலையோ வேண்டாம் என்று அவர் கூறியிருந்தார். அன்பர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் கேட்கவில்லை. அமராவதியில் சமாதி எழுந்தது. 1983இல் அந்நகரில் தோன்றிய பல்கலைக்கழகம், பின்னர் எழுத்தறியாத அவர் பெயரைத் தாங்கியது. 2000ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு தொடங்கிய கிராமத் தூய்மை இயக்கத்துக்கும் அவர் பெயரே அமைந்தது.

அவர் மறைவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், தாதரில் அவர் பெயரால் மற்றொரு தர்மசாலை உருவாயிற்று. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வெளியூர்களிலிருந்து வரும் ஏழை நோயாளிகளும் உடன் வருவோரும் அங்குத் தங்குகின்றனர். அம்பர்நாத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில் நிற்கும் தாதர் நிலையத்துக்குக் கிழக்கே அக்கட்டடம் உள்ளது.