சிரித்திரன் சுந்தர் காட்டிய வழி

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே றொசல்ல புகையிரத நிலையத்தைக் கடந்து செல்லும் பயணிகள், யன்னலூடாகத் தெரியும் தேயிலை மலைகளைக் கண்டு வியப்பதுண்டு. பச்சை மலை, முதுகில் கொழுந்துக் கூடை, புன்னகைக்கும் பெண். தேயிலைப் பொதிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் மலையகம் இவ்வாறே உலகுக்குக் காட்டப்பட்டு வருகின்றது. இது அம்மலைகளில் வாழும் மக்கள் தம்மைத் தாமே வரைந்த படமன்று. அப்படத்தை வரைய வேண்டியவர்கள் இன்று தோட்டப் பாடசாலைகளில் சித்திரம் பயிலும் மாணவர்களே. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவராகவே சிரித்திரன் சுந்தரை நாம் இங்கு நினைவுகூருகின்றோம்.

சி. சிவஞானசுந்தரம் என்னும் இயற்பெயர் கொண்ட சுந்தர், 1924ஆம் ஆண்டு வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்தார். கட்டடக்கலை பயில பம்பாய் சென்ற அவர், கேலிச்சித்திரக் கலைஞராகவே நாடு திரும்பினார். படிப்பும் அதன் வழி வரும் உத்தியோகமுமே ஒருவரின் பெருமையென மதிக்கப்பட்ட சமூகத்தில், மக்களைச் சிரிக்க வைப்பதைத் தொழிலாக ஏற்றமை சாதாரண துணிவன்று.

அக்காலத்தில் இலங்கையின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞராக விளங்கியவர் ஓப்ரி கொலெட். சித்திர ஆசிரியராகவும் 43 குழுவின் உறுப்பினராகவும் இருந்த அவர், ஆங்கிலப் பத்திரிகைகளில் அரசியல் தலைவர்களைத் தமது தூரிகையால் கலங்க வைத்தார். சுந்தரோ அரசியலையும் தொட்டவாறே கிராமத்தின் வேலியோரத்தையும் சந்தையையும் தமது களமாகக் கொண்டார். பம்பாயில் பெற்ற பயிற்சியை ஊரின் ஒழுங்கைக்குக் கொண்டு வந்தார் எனலாம்.

தினகரனில் அவர் வரைந்த சவாரித் தம்பர், மாட்டு வண்டிச் சவாரியின் பெயரைச் சுமந்த கிராமத்து மனிதர். சின்னக்குட்டி, மைனர் மச்சான், மெயில் வாகனத்தார் ஆகியோரும் அவ்வாறே வாசகரின் அயலவராயினர். அவர்களின் வீண் பெருமையையும் போலிக் கௌரவத்தையும் கண்டு சிரித்த வாசகர், சற்று நேரத்தின் பின் தம்மையே கண்டு சிரித்ததை உணர்ந்தனர்.

1960களின் தொடக்கத்தில் அவர் ஆரம்பித்த சிரித்திரன் சஞ்சிகை, முதலில் கொழும்பிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலுமிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்தது. மகுடி என்னும் பெயரில் வாசகரின் வினாக்களுக்கு அவர் அளித்த விடைகளுக்கெனத் தனி வாசகர் கூட்டமே இருந்தது. செங்கை ஆழியானின் ஆச்சி பயணம் போகிறாள் நாவலும் சிரித்திரனிலேயே தொடராக வெளிவந்தது. நாடு போரில் மூழ்கி, சிரிப்பே அரிதான ஆண்டுகளையும் அவர் கண்டார். 1996ஆம் ஆண்டு மறைந்தார். கார்ட்டூன் ஓவிய உலகில் நான் என்னும் அவரது நூல், இத்துறையில் நாட்டமுடைய மாணவர் தேடிப் படிக்க வேண்டியதொன்றாகும்.

சுந்தரின் கோடுகளைப் பிரதி செய்வதால் எவரும் சுந்தராகிவிட முடியாது. அவர் தமது ஊரைப் பார்த்த பார்வையையே மாணவர் கற்க வேண்டும். றொசல்லவின் மாணவருக்குச் சவாரித் தம்பர் தேவையில்லை. பிரட்டுக் களத்தில் குரலுயர்த்தும் கங்காணி, கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளைக் கண்கொட்டாமல் பார்த்து நிற்கும் தாய், லயத்துக் காம்பராவில் அரசியல் பேசும் பாட்டன், ஹற்றன் கடைவீதியில் கடன் கொப்பியைப் புரட்டும் முஸ்லிம் முதலாளி ஆகியோர் அவர் கண்முன்னேயே உள்ளனர். இவர்களை அனுதாபத்துக்குரியவர்களாக மட்டும் வரைவது எளிது. அவர்களுடைய குறும்பையும் பிடிவாதத்தையும் சாதுரியத்தையும் வரையும்போதே அவர்கள் முழு மனிதராகத் தோன்றுவர்.

நகைச்சுவை, ஓர் இனத்தையோ மதத்தையோ இழிவுசெய்யும் கருவியாகவும் மாறக்கூடும். பல இனத்தவர் அருகருகே வாழும் மலையக நகரங்களில் இந்த எச்சரிக்கை மிக அவசியமானது. பிறரைக் கேலி செய்யுமுன் தன்னையும் தன்னவரையும் கேலி செய்யத் துணிபவனின் சித்திரம் எவரையும் புண்படுத்தாது. சுந்தர் தமது சமூகத்துக்குள் நின்றே சிரித்தார். அதனாலேயே அவரது கேலியை மக்கள் தமதாக ஏற்றுக்கொண்டனர்.

தேயிலைப் பொதியின் புன்னகையை வரைந்தவர் யாரோ. மலையகத்தின் உண்மையான சிரிப்பை வரைய வேண்டியவர்கள் மலையகப் பிள்ளைகளே. அவர்களின் கைகளில் பென்சிலையும் கடதாசியையும் கொடுத்து ஊக்குவிப்பது ஆசிரியரதும் பெற்றோரதும் கடமையென நாம் கருதுகின்றோம்.