வானொலிக்கு விடியல் இசை தந்த அகதி

ஊரில் வானொலிப் பெட்டியோடு வளர்ந்தவர்களுக்குத் திருச்சி வானொலி அந்நியம் அல்ல. காலையில் ஒலிபரப்புத் தொடங்குமுன் தம்புராவின் சுருதி மேலே ஒரு வயலின் தனியே எழும். சிவரஞ்சனி இராகத்தின் சாயல் கொண்ட அந்தச் சில விநாடிகள்தான் அகில இந்திய வானொலியின் அடையாள இசை. அதை அமைத்தவர் வால்டர் கௌஃப்மன். இந்தியர் அல்லர், ஜேர்மன் மொழி பேசிய யூதர். நாசிகளின் காலத்தில் ஐரோப்பாவை விட்டுப் பம்பாய்க்கு வந்து, பிறகு கனடாவில் பத்தாண்டுகள் வாழ்ந்தவர்.

கௌஃப்மன் 1907இல் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பகுதி, இன்று செக் குடியரசின் கார்லோவி வாரி. இளைஞராக பேர்லின் இசைக் கல்லூரிக்குப் போய் பிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையமைப்புப் பயின்றார். 1920களின் பேர்லின் ஜாஸ் இசையில் மூழ்கியிருந்த நகரம். சில ஆண்டுகளுக்குள் எல்லாம் மாறியது. யூதரான ஷ்ரேக்கர் 1932இல் கல்லூரித் தலைமைப் பதவியை இழந்து, 1934இல் இறந்தார். 1938இல் டுசல்டோர்ஃப் நகரில் நாசிகள் ‘சீரழிந்த இசை’ என்று ஒரு கண்காட்சியே வைத்தார்கள். அதன் சுவரொட்டியில் சாக்ஸபோன் வாசிக்கும் ஒரு கறுப்பினத்தவர், அவர் சட்டையில் யூத நட்சத்திரம். ஜாஸும் யூதர்களின் இசையும் ஒரே பட்டியலில் அடைக்கப்பட்டன.

பிராகாவின் ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் கௌஃப்மன் கலாநிதிப் பட்ட ஆய்வை எழுதி முடித்திருந்தார். தன் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியர் நாசி இளைஞர் அமைப்பில் தலைவராக இருப்பது தெரிய வந்ததும் அந்தப் பட்டமே வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அந்நிய நாட்டில் ஒரு சான்றிதழ் இல்லாமல் வேலை தேடுவது எப்படி இருக்கும் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். அதை அறிந்தும் எடுத்த முடிவாகவே இதைப் பார்க்கிறேன்.

1934இல் பம்பாயில் இறங்கினார். இந்தியா மீது பெரிய காதலால் அல்ல. அந்த நாட்டுக்கு விசா எடுக்க முடிந்தது, அவ்வளவுதான். இந்திய இசையை முதலில் கேட்டபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் நேசிக்கும் இசை எனக்கு விளங்கவில்லை என்றால் குறை என் காதில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் கற்றார்.

வந்த சில மாதங்களிலேயே பம்பாய் அறையிசைச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் அவரோடு வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சுபின் மேத்தாவின் தந்தை. அதே ஆண்டுகளில் தாஜ் ஹோட்டலில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ஜாஸ் குழுக்கள் வாசித்தன. அன்றைய பம்பாய் இப்படிப் பலரை ஏற்றுக்கொண்டது. 1937 முதல் 1946 வரை கௌஃப்மன் பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தார்.

அவர் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் சகோதரி மகள். காஃப்காவின் மூன்று சகோதரிகளும் நாசிகளின் இன அழிப்பில் மாண்டார்கள். கெர்ட்டியின் தாயும் அவர்களில் ஒருவர். பம்பாய்க்கு வந்து சேர்ந்ததால் மகள் தப்பினார். விசா கிடைத்த ஊர் என்பது சிறிய விடயமல்ல.

போர் முடிந்தபின் இலண்டன் வழியாக 1947இல் கனடாவின் ஹலிபாக்ஸுக்கு வந்து பியானோ கற்பித்தார். அடுத்த ஆண்டே வின்னிபெக் சிம்பொனி இசைக்குழுவின் முதல் இயக்குநரானார். குழு புதிது, குளிர் கடுமை. ஒன்பது ஆண்டுகள் அதை நடத்தி நிலைநிறுத்தினார். பிறகு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1968இல் வட இந்திய இராகங்கள் பற்றியும் 1976இல் தென்னிந்திய இராகங்கள் பற்றியும் பெரிய நூல்கள் வெளியிட்டார். கேட்டு விளங்காமல் தொடங்கியவர், மேளகர்த்தா முறையில் கர்நாடக இராகங்களை வரிசைப்படுத்தி மேற்குலகுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 1984இல் புளூமிங்டன் நகரில் காலமானார்.

அவருடைய சொந்தப் படைப்புகளோ பல பத்தாண்டுகள் யாரும் தொடாமல் கிடந்தன. கையெழுத்துப் பிரதிகளைப் பல்கலைக்கழக நூலகம் பத்திரமாக வைத்திருந்தது. 2020இல் எங்கள் ரொறன்ரோவின் றோயல் கொன்சர்வேற்றரியைச் சேர்ந்த ஆர்க் குழு, புலம்பெயர்ந்த இசைஞர்களை மீட்டெடுக்கும் தொடரில் அவருடைய அறையிசைப் படைப்புகளை இசைத்தட்டாக வெளியிட்டது. ஐரோப்பிய வயலினில் இந்திய இராகங்களின் அசைவு கேட்கிறது. வீட்டில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

வெக்ஸ்போர்ட்டில் வரிக் கணக்குக் கொடுக்க என்னிடம் வருபவர்களில், ஊரில் கோயில் கோயிலாகத் தவிலும் நாதஸ்வரமும் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே தொழிற்சாலையில் நின்றே ஓய்வுபெற்றார்கள். ரீ-4 படிவத்தில் சம்பளம் இருக்கும். ஊரில் என்ன வாசித்தீர்கள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அவர்களுடைய ஒலிநாடாக்களும் குறிப்புக் கொப்பிகளும் நிலவறைப் பெட்டிகளில் கிடக்கின்றன. வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன.

கௌஃப்மனுக்குத் திறமை இருந்தது. அதோடு, தாள்களை எறியாமல் வைத்திருந்த ஒரு நூலகமும் இருந்தது. அந்த இரண்டாவது இல்லாவிட்டால் 2020இல் வாசிக்க ஒன்றும் எஞ்சியிருக்காது. வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்தக் கோடையில் பிள்ளைகளை அவருக்குப் பக்கத்தில் இருத்தி, பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றிலும் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.